பக்கத்து வீடே பாதுகாப்பு

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த நாம் ஊருக்கொரு சங்கம் வைத்திருக்கிறோம். பொங்கல் விழா நடத்துகிறோம். கோயில் கொடைக்கு வரி பிரிக்கிறோம். ஊர்க்காரர் இறந்தால் கூடி நின்று அடக்கம் செய்கிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் கஷ்டகாலத்தில் முதலில் கை கொடுப்பவர் ஊர்க்காரரும் அல்ல, சாதிக்காரரும் அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவரே. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1974 மே 8-ஆம் தேதி தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் 20 நாட்கள் நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். பல குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டன. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லித் தந்தது இதுதான்: அன்று கடன் கொடுத்த மளிகைக்கடைக்காரரும், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அம்மாவும் என்ன மொழி பேசினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

2020-இல் நாமே கண்டோம். மார்ச் 25 முதல் ஊரடங்கு. தொழிலாளர்களை ஊருக்கு அழைத்துச் செல்லும் சிறப்பு ரயில்கள் மே 1-ஆம் தேதிதான் தொடங்கின. இடையே ஐந்து வாரம் கூலி இல்லை. ரேஷன் கார்டு திருநெல்வேலியில், வயிறு தாராவியில்! தொற்று வந்த கல்லிகள் அடைக்கப்பட்டன. டோம்பிவிலியில் இருக்கும் சித்தப்பாவால் வர முடியுமா? அடைத்த கல்லிக்குள் இருந்தவர்களே ஒருவருக்கொருவர் துணை.

“மராத்திக்காரர் நம்மை விரட்டவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1966-இல் தொடங்கிய சிவசேனை, வேலையைப் பறிப்பவர் தென்னிந்தியரே என்று பிரச்சாரம் செய்தது. நம்மவர் கடைகள் தாக்கப்பட்டன. ஆனால் பிறகு என்ன நடந்தது? 1982 ஜனவரி 18-ஆம் தேதி தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தை அடுத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மராத்தியர். அந்த வேலையைப் பறித்தது தமிழரா? இல்லை. முதலாளிகள் ஆலையை மூடியபோது எந்த மொழிக்காரருக்கும் இரக்கம் காட்டவில்லை.

இந்த நியாயம் நமக்கும் பொருந்தும். இன்று தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வரும் பீகார்த் தொழிலாளியை நம் சொந்தக்காரரே ‘வடக்கன்’ என்று இகழ்கிறார். அதைக் கேட்டு நாம் சிரித்தால், நேற்று நம்மை விரட்டியவரைக் குறைகூற நமக்கு என்ன உரிமை?

இப்போது தாராவியில் மறுசீரமைப்பு. 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்கு ஆதாரம் உள்ளவருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பின்னால் வந்தவருக்கு வெளியே என்கிறது விதி. மாடியில் வாடகைக்கு இருப்பவர் நெஞ்சில் நெருப்பு. நோட்டீஸ் மராத்தியில் வருகிறது. அதைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டு மராத்தி நண்பர் வேண்டும். தனித்தனியாக அலுவலகப் படியேறினால் “நாளைக்கு வா” என்பார்கள். கல்லியே திரண்டு போனால் உட்காரச் சொல்வார்கள்.

ஆகவே நாங்கள் முன்வைப்பது இதுதான். பத்து வீட்டுக்கு ஒரு குழு. தமிழர், மராத்தியர், உத்தரப்பிரதேசத்தார், இந்து, முஸ்லிம் என்று பாராமல் அடுத்தடுத்த பத்து வீடு. ஒரு நோட்டில் ஒவ்வொரு வீட்டு ஆட்களின் பெயர், ஊர் முகவரி, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய போன் நம்பர். பழைய கரண்ட் பில், வாக்காளர் பட்டியல், வாடகை ரசீது ஆகியவற்றின் நகல் ஒரு பெட்டியில். வீட்டுக்கு மாதம் 20 ரூபாய். கணக்கை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலும் உரக்கப் படிக்க வேண்டும். பணத்தில் சந்தேகம் வந்தால் நட்பு நிற்காது. பொறுப்பில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாயடியில் எல்லா மொழியும் பேசப் பழகியவர்கள் அவர்கள்தான்.

ஊர்ச் சங்கத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. அதன் கதவைக் கல்லிப் பக்கமும் திறக்கச் சொல்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பத்து வீட்டை எண்ணத் தொடங்குங்கள்.