சாரப் பலகைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,

கட்டட வேலை நடக்கும் இடங்களில் தலைக்கவசம் பற்றியும் பெல்ட் பற்றியும் இப்போது ஓரளவு பேச்சு இருக்கிறது. ஆள் ஏறி நிற்கும் சாரப் பலகையைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

மாடிச் சுவர் எழுப்பும் சிறிய சைட் எதையாவது பாருங்கள். சவுக்குக் கட்டை வாடகைக்கு வருவது. கட்டை குறைந்தால் வாடகையும் மிச்சம், சாரம் கட்டும் கூலியும் மிச்சம். அதனால் 5 அடிக்கு ஒன்றாக நிற்க வேண்டிய தாங்கல் 8 அடி, 10 அடி என்று தள்ளிப் போகிறது. மேலே விரிப்பதோ சென்ட்ரிங் பிரித்த பழைய பலகை. ஆணி பிடுங்கிய துளையும் சிமெண்ட் அப்பி மறைந்த விரிசலும் அதில் சாதாரணம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு சட்டி சாந்து, 40 செங்கல் என்றாலே எடை கால் டன்னைத் தாண்டிவிடும்.

இடைவெளியை இரட்டிப்பாக்கினால், நடுவில் நிற்கும் அதே சுமைக்குப் பலகையின் தாங்கும் திறன் பாதியாகிறது; தொய்வோ 8 மடங்காகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, இடைவெளியில் 60-இல் ஒரு பங்குக்கு மேல் பலகை தொய்யக் கூடாது என்கிறது. 10 அடிக்கு அது 2 அங்குலம்.

நீண்ட இடைவெளி தேவைப்படும் இடங்களும் உண்டு. அங்கே பலகையைப் பலப்படுத்தத்தான் வேண்டும். இரண்டு பலகையைச் சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான். 9 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனமுள்ள பலகையின் அடியில், 2-க்கு 3 அங்குலச் சட்டம் ஒன்றை, 3 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி நீளவாக்கில் பொருத்தினால், ஒரே வகை மரத்தில், விறைப்பு கிட்டத்தட்ட 3 மடங்கு. ஆனால் அந்தச் சட்டம் இரு முனையிலும் தாங்கலின் மேல் உட்கார வேண்டும். அடிப்பக்கத்தில் கணு இருக்கக் கூடாது. இழுவை அதிகமாக விழுவது அங்கேதான். கண்ட இடத்தில் ஆணி அடித்தால் மரம் பிளந்து, பலப்படுத்தியதே பலவீனமாகிவிடும். ஆகவே இதை மேஸ்திரியின் ஊகத்துக்கு விடக் கூடாது.

தங்களிடம் கேட்பது மூன்று. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்ற ஒன்றில், நம்மூரில் கிடைக்கும் மரங்களைக் கொண்டு சோதித்து, பலப்படுத்திய பலகைக்கு ஓர் எளிய வரைபடத்தைத் தமிழில் வெளியிடுங்கள். சாரச் சாமான் வாடகைக்கு விடும் கடைகள், ஒவ்வொரு பலகையிலும் எத்தனை அடி இடைவெளிக்கு அது தாங்கும் என்று பெயிண்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என ஆணையிடுங்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவரியாக வசூலாகிறது. அதிலிருந்து மேஸ்திரிகளுக்குப் பயிற்சி கொடுங்கள்.

கடையைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2025 வரை நடைமுறையில் இருந்த 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அத்தனை சின்ன வீட்டு வேலைக்கும் ஆய்வாளர் போய்ச் சேர முடியாது. வாடகைப் பலகை போகும். விதியைப் பலகையிலேயே எழுதிவிட்டால், அது போகும் இடமெல்லாம் விதியும் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்