கண்ணுக்கு எட்டிய தூரம் யாருக்குச் சொந்தம்?



தா.பழூரிலிருந்து கும்பகோணம் சாலையில் தெற்கே போனால் கொள்ளிடம் குறுக்கிடும். இந்தக் கரையில் மதனத்தூர், அந்தக் கரையில் நீலத்தநல்லூர். நடுவிலே பாலம். அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மேற்கே மணல்வெளி, நாணல் திட்டு, தண்ணீர் ஓடும் ஒரு வகிடு. இருபுறமும் வயல், அதற்கப்பால் தென்னை. பார்வையை மறிக்க ஒன்றுமில்லை. பைக்கை ஓரம்கட்டிவிட்டு நிற்கும் வாலிபர்கள், கும்பகோணத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்பும் வியாபாரிகள், பிள்ளைகளை அழைத்து வந்த தாய்மார்கள் என்று தினமும் அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். டிக்கெட் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. சாதி, சமயம் கேட்பாரும் இல்லை.

இந்தக் காட்சியைக் குறித்து ஒரு தலையங்கம் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, உரக்கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "ஹஜ்ரத், வசூல் ஆகவில்லை, கடனுக்குக் கொடுத்த மூட்டைக்குப் பணம் வரவில்லை, பையன்களுக்கு வேலை இல்லை. நீங்கள் அழகைப் பற்றிப் பேசுகிறீர்களே, இது வயிறு நிறைந்தவர்கள் பேசுகிற பேச்சல்லவா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் முன் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம்.

நமது அரியலூர் மாவட்டத்தில் எரிவாயு, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க 10 ஆய்வுக் கிணறுகள் தோண்ட அனுமதி கேட்டு ஓ.என்.ஜி.சி. நிறுவனம் தமிழ்நாட்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்திடம் விண்ணப்பித்தது. செய்தி வெளியானதும் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். மாநில அரசும் எதிர்ப்புத் தெரிவித்தது. 2021 ஜூனில் அந்த விண்ணப்பம் ஏற்கப்படாமல் போனது. 'அப்பாடா' என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

கதவு பூட்டப்பட்டதா, சாத்தி மட்டும் வைக்கப்பட்டதா என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி குறிப்பிட்ட பகுதிகளில் புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டக்கூடாது. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் பட்டியலில் இடம்பெற்றன. அரியலூர் இடம்பெறவில்லை! தா.பழூர் ஒன்றியமும் இல்லை, திருமானூர் ஒன்றியமும் இல்லை. கொள்ளிடத்தின் தென்கரைக்குப் பாதுகாப்பு, வடகரைக்குக் கிடையாது. அதே ஆறு, அதே மண், அதே நெல். பொன்னாற்றுப் பாசனத்தில் விளைவதை நெல் அல்ல, கம்பு என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ! பாலத்தின் தெற்கு முனையில் நிற்பவன் காலடியில் இருப்பது பாதுகாக்கப்பட்ட மண்டலம்; அவன் கண் வடக்கே பார்க்கும் அத்தனையும் அதற்கு வெளியே. பார்வைக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

2021இல் அனுமதி மறுக்கப்பட்டது அன்றைய அரசின் கொள்கையால். கொள்கை மாறக்கூடியது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு இதே மாநில ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. ஆகஸ்டில் செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அதைத் திரும்பப் பெறச் சொல்லி மாநில அரசு அறிவுறுத்தியது. இடைப்பட்ட மாதங்களில் அந்த மாவட்டத்து மக்களில் எத்தனை பேருக்கு விஷயம் தெரியும்?

தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டு, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை 'பி2' என்ற வகைக்கு இறக்கியது. அந்த வகைக்கு விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் பந்தல் போட்டு, மைக் வைத்து நம்மைக் கேட்பார்கள் என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை!

சரி, ஒரு கிணறு வந்தால் கண்ணுக்கு என்ன ஆகும்? முதலில் சில ஏக்கர் வயலை மேடாக்கி, கப்பி கொட்டிச் சமப்படுத்துவார்கள். கனரக லாரிகள் போக வரப்பு சாலையாகும். பிறகு இரும்புக் கோபுரம் எழும்பும். தரையில் துளையிடும் ரிக் நூறு அடிக்கு மேல், சில நூற்று ஐம்பது அடியை நெருங்கும். வேலை இரவும் பகலும் நிற்காது. உச்சிவரை விளக்கு எரியும், டீசல் ஜெனரேட்டர் ஓடும். வாயு வந்தால் சோதனைக்காகக் கொளுத்திவிடுவார்கள். ரிக் சில வாரங்களிலோ மாதங்களிலோ போய்விடும், உண்மைதான். ஆனால் கிணறு பலன் தந்தால் வேலியும், வால்வும், குழாயும், வாயு சேகரிக்கும் நிலையமும், அணையாத தீச்சுடரும் நிரந்தரமாகத் தங்கும். நாகை, திருவாரூர் பக்கம் இரவில் பஸ்ஸில் போனவர்கள் வயல்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள்.

மலைநாட்டில் ஒரு குன்று இதை மறைத்துவிடும். நமது பூமியோ தட்டைப் பூமி. உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் ஏறத்தாழ 55 மீட்டர், அதாவது 180 அடி. சுற்றுவட்டாரத்துக்கே அதுதான் அடையாளம். ஆயிரம் ஆண்டுகளாக வழிப்போக்கனுக்கு அது திசை காட்டியிருக்கிறது. வழிபாட்டுக்கு அல்லாமல் பார்ப்பதற்கென்றே அந்தப் புல்வெளிக்கு எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போயிருக்கிறோம். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற இடம் அது. அதன் சூழலை நமது தொல்லியல் சட்டம் எவ்வளவு தூரம் காக்கிறது தெரியுமா? 100 மீட்டருக்குள் கட்டத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. மொத்தம் 300 மீட்டர். நூற்று நாற்பது அடி இரும்புக் கோபுரம் அதற்கு அப்பால் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் நின்றால், அந்த விதியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். வியாபாரிகள் குறிப்பாகக் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிப்போடு '1அ' என்று ஒரு படிவம் இணைக்கப்பட்டது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடம் கட்டுகிறவர்களுக்கானது அது. உங்கள் கட்டடம் யாருடைய பார்வையையாவது, இயற்கைக் காட்சியையாவது மறைக்குமா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. திருச்சியில் பெரிய ஜவுளி மாளிகை கட்டுகிற முதலாளியிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி, கிணறு தோண்டுகிறவருக்கான படிவத்தில் அப்படி நேரடியாக இடம்பெறவில்லை! கடைத்தெருவில் எழும் சுவர் கண்ணை மறைக்கும். வயல்வெளியில் எழும் கோபுரம் மறைக்காது என்பது என்ன கணக்கு?

மதரஸாவில் ஃபிக்ஹ் ஓதும்போது கிணற்றைப் பற்றி ஒரு பாடம் வரும். தரிசில் ஒருவர் கிணறு தோண்டினால் அதைச் சுற்றி இத்தனை முழம் 'ஹரீம்'. அதற்குள் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. ஆற்றங்கரைக்கும் ஹரீம் உண்டு. கரை தனியாருக்குப் போனால் தண்ணீர் பொதுவாக இருந்தும் பயனில்லை என்பதுதான் அதன் உட்பொருள். அன்று அதை முழக்கணக்காக மனப்பாடம் செய்தேன். ஒரு பொதுப் பொருளுக்குச் சுற்றிலும் விளிம்பு வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது இப்போதுதான் உறைக்கிறது.

நமது மாவட்டத்தில் அப்படி விளிம்பு தேவைப்படும் இடம் இன்னொன்று கரைவெட்டி. தா.பழூருக்கு மேற்கே, திருமானூர் பக்கம். புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் மேட்டூர்த் தண்ணீரால் நிரம்பும் ஏரி; சுமார் 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. வரித்தலை வாத்துகள் இமயத்துக்கு அப்பாலிருந்து இங்கே வருகின்றன. இரவில் பறந்து வரும் பறவைக்கு வானத்தின் இருட்டும் ஒரு பாதைதான். இரவெல்லாம் எரியும் தீயும் விளக்கும் அதைக் குழப்பும். மனிதன் கண்ணுக்குக் காட்சி கெடுவதும் பறவைக்கு வழி தப்புவதும் ஒரே வெளிச்சத்தால் நடக்கிறது.

வெறும் கற்பனைப் பயம் என்பவர்களுக்கு அஸ்ஸாமைக் காட்டுகிறேன். திப்ரு-சைகோவா தேசியப் பூங்காவுக்கு அருகே பாக்ஜான் என்ற ஊரில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் ஒரு கிணறு 2020 மே 27 அன்று வெடித்து வாயுவைக் கக்கியது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். நவம்பர் நடுப்பகுதியில்தான் அது முழுமையாக அடக்கப்பட்டது. மகுரி-மோடாபுங் என்ற நீர்நிலை, பறவை பார்க்க வருபவர்களை நம்பிப் படகோட்டிப் பிழைத்த இடம், எண்ணெய் படிந்து கருகியது. எல்லாக் கிணறும் வெடிக்கும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவை வெடிப்பதில்லை. பூங்காவின் எல்லைக்கு வெளியேதான் தோண்டுகிறோம், ஆகவே பூங்காவுக்கு ஒன்றுமில்லை என்ற வாதத்தின் லட்சணம் அதுதான் என்கிறேன்.

எண்ணெய்க்காக உலகையே புரட்டும் அமெரிக்காவில்கூட, 2008 டிசம்பரில் யூட்டா மாநிலத்தில் ஏலம் விடப்பட்ட எண்ணெய், எரிவாயுக் குத்தகைகளில் 77ஐ அடுத்த பிப்ரவரியில் அரசே திரும்பப் பெற்றது. ஆர்ச்சஸ், கேனியன்லாண்ட்ஸ் முதலிய தேசியப் பூங்காக்களுக்கு அருகே அவை இருந்தன என்பதே காரணம். அங்கே அரசு நிலத்தில் எதுவும் வருமுன், மக்கள் நின்று பார்க்கும் இடங்களிலிருந்து அது எப்படித் தெரியும் என்று மதிப்பிடும் முறையே தனியாக உண்டு. அவர்களுடைய மற்ற யோக்கியதைகளைப் பற்றி நமக்கு மயக்கமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது.

இப்போது உரக்கடைச் சகோதரரிடம் வருகிறேன். எரிவாயு வேண்டாம் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. நமது ஹோட்டல் அடுப்புகள் வாயுவில் எரிகின்றன. குத்தாலத்திலும் திருமக்கோட்டையிலும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்க நிலையங்கள் அமைத்தார்கள். ஆனால் ஆய்வுக் கிணறு நம் பையன்களுக்கு வேலை தரும் என்பது எவ்வளவு உண்மை? ரிக்கோடு பயிற்சி பெற்ற ஆட்களும் வந்து, ரிக்கோடு போய்விடுவார்கள். ஊர்க்காரனுக்குக் காவலாளி வேலை, லாரி வாடகை, சில மாதம் சாப்பாட்டு ஆர்டர். மறுபுறம், தா.பழூர் கடைத்தெருவில் கல்லா நிரம்புவது எப்போது? அறுவடை முடிந்து விவசாயி கையில் காசு வரும்போது. ஜவுளியானாலும் பாத்திரமானாலும் உரமானாலும் அந்த நெல்தான் நமது முதலாளி. காட்சி என்று நான் சொன்னது அந்த நெல் வயல்தானே! அது கண்ணுக்கு முழுதாகத் தெரிகிறவரை கடைக்கும் ஆபத்தில்லை.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே முன்பு என்ன இருந்தது என்று இன்று ஓர் இருபது வயது வாலிபனைக் கேட்டால் விழிப்பான். அவன் பிறந்தபோதே பள்ளம் இருந்தது. அவனுக்கு அதுதான் ஊர். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் நிலம் எடுக்கத் தொடங்கி, கால் நூற்றாண்டு இழுத்தடித்து, ஒரு கூடை கரிகூட எடுக்காமல் கைவிட்டார்கள். அதுவரை அந்தக் குடும்பங்கள் விற்கவும் முடியாமல், வங்கியில் வைக்கவும் முடியாமல் தவித்தன. போராடியவர்கள் சோர்ந்திருந்தால் அங்கேயும் இன்று பள்ளம்தான்.

எனவே வாலிபச் சகோதரர்களே, கையிலிருக்கும் செல்போனுக்கு ஒரு வேலை தருகிறேன். மதனத்தூர் பாலம், அணைக்கரை, கங்கைகொண்ட சோழபுரத்துப் புல்வெளி, கரைவெட்டிக் கரை, உங்கள் ஊர் ஏரிக்கரை, இங்கெல்லாம் நின்று நான்கு திசையும் படம் எடுங்கள். தேதி, இடம், நின்ற திசை எழுதி வையுங்கள். நாளை ஏதேனும் விண்ணப்பம் வந்து, 'இங்கே பார்க்க என்ன இருக்கிறது, வெறும் பொட்டல்' என்று ஒருவர் எழுதினால், நீட்டுவதற்கு நம் கையில் சாட்சி இருக்க வேண்டும். மாநில ஆணையம் பரிசீலிக்கும் விண்ணப்பங்களின் விவரம் இணையதளத்தில் வெளியாகிறது; மாதம் ஒருமுறை அரியலூர் என்று தேடிப் பார்க்க ஊருக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள்.

வியாபாரப் பெருமக்களே, தா.பழூர் ஊராட்சிதான், அங்கே கிராமசபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. அன்று ஒரு மணி நேரம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். தா.பழூர், திருமானூர் ஒன்றியங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வுக் கிணறானாலும் மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். பொதுமக்கள் கூடும் இடங்களிலிருந்து கோபுரம் எப்படித் தெரியும் என்பதை விண்ணப்பதாரர் வரைந்து காட்ட வேண்டும். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். விவசாயச் சங்கத்தாரையும் உடன் அழைத்துப் போங்கள். இதில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதும் அதன் நகலை வாங்கி, ஒரு பிரதியை நமது அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், எந்தெந்த ஊரிலிருந்து வந்தது என்று அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.