எல்லாப் புதருக்கும் ஒரே மருந்தா?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெண்வால் மானுக்கென்று காட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி, குளோவரும் ஓட்ஸும் விதைப்பது வேட்டைக்காரர்களிடையே பரவலான வழக்கம். கூடவே ஒரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது: கிளைபோசேட்டை அடித்தால் எல்லாம் ஒழிந்துவிடும், வேறு களைக்கொல்லியைத் தேடவே வேண்டாம் என்பது. இந்த நம்பிக்கையால் வீணாகும் பணமும் பருவமும் கொஞ்சமல்ல.

மான்சாண்டோ நிறுவனம் 1974-இல் ரவுண்டப் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய மருந்து கிளைபோசேட். பச்சை இலை வழியே உள்ளே போய், அமினோ அமிலங்கள் சிலவற்றை உண்டாக்கும் நொதியை முடக்குகிறது. மண்ணில் விழுந்தால் களித்துகளோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடுகிறது. அடித்த சில நாளிலேயே விதைக்க முடிவது இதனால்தான். மருந்தின் புகழுக்கும் இதுவே காரணம். ஆனால் மண்ணில் புதைந்து கிடக்கும் களை விதைகளை அது தொடுவதில்லை. மேலே நின்றவை காய்ந்து வெயில் தரையில் பட்டதும் அடுத்த கூட்டம் முளைக்கிறது. கலங்கல் நீரில் கலந்தால் தொட்டியிலேயே வீரியம் குறைந்துவிடும்.

மரச்செடிகளில் நிலைமை இன்னும் மோசம். ஸ்வீட்கம், மேப்பிள் போன்றவை வெட்ட வெட்ட வேர்க்கட்டையிலிருந்து துளிர்ப்பவை. வசந்தத்தில் சாறு தளிரை நோக்கி ஏறும்போது மருந்து அடித்தால் இலை கருகும், வேர் பிழைக்கும். கோடை முடிவில், இலையில் உண்டான சர்க்கரை வேருக்கு இறங்கும்போது அடித்தால்தான் மருந்தும் சேர்ந்து இறங்கும். இத்தகைய புதருக்கு ட்ரைகுளோபிர் என்ற களைக்கொல்லி பொருத்தமானது. அகன்ற இலைச் செடிகளைத்தான் அது கொல்லும், புல்லை விட்டுவிடும். தடித்த மரமென்றால் வெட்டிய கையோடு கட்டையின் வெட்டுமுகத்தில் பூசுவதே சிக்கனம்.

கிளைபோசேட் ஏமாற்றியதும் பலர் தாவுவது அடுத்த மூடநம்பிக்கைக்கு: வீரியம் கூடினால் பலன் கூடும். இமாசாபிர் என்ற களைக்கொல்லி வீரியமானதுதான். ஆனால் அது மண்ணில் பல மாதம் தங்கும், வேர் வழியாகவும் ஏறும். விதைக்கும் நிலத்தின் ஓரத்தில் நிற்கும் ஓக் மரத்தின் வேர் அந்த மண்ணில் ஓடினால் மரமே பட்டுப்போகலாம். இலையுதிர் காலத்தில் மான் முதலில் தேடி வருவது அந்த ஓக் கொட்டையைத்தான். பிக்ளோரம் என்ற களைக்கொல்லியும் மண்ணில் நீடிப்பதே. அது அடித்த இடத்தில் குளோவர் விதைப்பது வீண்.

விதைத்த பின்னும் தேர்வு முடிவதில்லை. குளோவருக்குள் புல் புகுந்தால் கிளெத்தோடிம் புல்லை மட்டும் கொல்லும். கூட ஓட்ஸ் விதைத்திருந்தால் அதையும் சேர்த்துக் கொல்லும். அகன்ற இலைக் களை புகுந்தால், அதற்கு அடிக்கும் 2,4-டி குளோவரையும் கெடுக்கும், 2,4-டிபி கெடுக்காது. பின்னதை 2,4-டி-யாக மாற்றிக்கொள்ளும் செடிதான் சாகிறது. குளோவரில் அந்த மாற்றம் மிக மந்தம்.

ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்ததன் விளைவு வயல்களில் கண்கூடு. கிளைபோசேட்டுக்கு அசையாத ஹார்ஸ்வீட் என்ற களை 2000-இல் டெலவேரில் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் ஜார்ஜியாவின் பருத்தி வயல்களில் பால்மர் அமராந்தும் அதே வழிக்கு வந்தது. நம் முளைக்கீரையின் உறவான அது, ஒரே செடியில் லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும்.

இவ்வளவு செலவில் கொல்லப்படுவது எது என்று கேட்பவர்கள் குறைவு. ராக்வீட், போக்வீட், பிளாக்பெர்ரி, கிரீன்பிரையர் ஆகிய நான்கும் களையென்று அழிக்கப்படுகின்றன. நான்கையும் மான் விரும்பி மேய்கிறது. உண்மையில் ஒழிக்க வேண்டியது 1943-இல் வெளியிடப்பட்ட கென்டக்கி 31 போன்ற டால் ஃபெஸ்க்யூ புல். அடர்ந்து படர்ந்து மற்றச் செடிகளை எழவிடாமல் அமுக்கும் அதை மான் அதிகம் நாடுவதில்லை. இந்த வேலைக்கு மட்டும் கிளைபோசேட்டை மிஞ்ச ஆளில்லை. உறைபனி விழுந்து நாட்டுப் புற்கள் உறங்கிவிட, ஃபெஸ்க்யூ மட்டும் பச்சையாக நிற்கும் இலையுதிர் காலக் கடைசி வாரங்களில் அடித்தால், அது சாகும். உறங்கும் புற்கள் வசந்தத்தில் எழும்.