வீடு மாறியவர் ஓடிப்போனவரா?

கடன் வசூல் வழக்கில் எக்ஸ்பார்ட்டி (ஒருதரப்பு) தீர்ப்பு வந்துவிட்டால், 'கோர்ட்டுக்கு வராதவன் கடனை ஒத்துக்கொண்டவன்' என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. சம்மன் எந்த வாசலுக்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை. கடன் விண்ணப்பத்தில் எழுதிய வாடகை வீட்டு முகவரியே ஆண்டுகள் கழித்து வழக்கு மனுவான பிராதிலும் ஏறுகிறது. தபால் 'வீடு மாறிவிட்டார்' என்ற குறிப்போடு திரும்புகிறது. பிறகு நீதிமன்ற அமீனா போய், வேறொரு குடும்பம் கோலம் போட்டு வாழும் வீட்டின் கதவில் சம்மனை ஒட்டிவிட்டு வருகிறார். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமோ, 5-ஆம் கட்டளையின் 17-ஆம் விதியில், பிரதிவாதி வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் வீட்டுக் கதவைத்தான் குறிப்பிடுகிறது. தபாலில் போட்டாலே சேர்ந்ததாகக் கொள்ளும் 1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவுகூட, முகவரி சரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்தச் சலுகையைத் தருகிறது.

ஆகவே, வராததிலிருந்து கடனைப் பற்றி ஒன்றும் தெரியாது. கட்டிய தவணை வரவு வைக்கப்படாமல் இருக்கலாம். மூன்றாண்டுக் காலவரம்பு கடந்திருக்கலாம். எதிர்த்தரப்பு நாற்காலி காலியாக இருக்கும்போது இவற்றை எடுத்துச்சொல்ல ஆள் இல்லை. தீர்ப்போ 12 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். சம்பள ஜப்தி உத்தரவு அலுவலகத்துக்கு வரும் நாளில்தான் பலருக்கு வழக்கே தெரிகிறது.

முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காதது கடனாளியின் தவறுதானே என்பார்கள். தவறுதான், அதற்காகத் தன் தரப்பைச் சொல்லும் உரிமையே பறிபோக வேண்டுமா? வேண்டுமென்றே ஒளிபவர்களும் உண்டு. அவர்களுக்காகவும் அதே 5-ஆம் கட்டளையின் 20-ஆம் விதி பத்திரிகை விளம்பரத்தை அனுமதிக்கிறது. அதுவும் கடைசியாகத் தெரிந்த வசிப்பிடத்தில் விற்கும் நாளிதழில் வந்தால் போதும். மதுரையிலிருந்து ஓசூருக்குப் பிழைக்கப் போனவர் அதை எங்கே பார்ப்பார்? தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போடலாமே என்பது இன்னொரு சமாதானம். போடலாம். சம்மன் முறையாகச் சேராதிருந்தால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். ஆனால், சேரவில்லை என்று காட்டும் பாடு கடனாளியின் தலையில் விழுகிறது. பணம் கட்டச் சொல்லி நிபந்தனை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

தவணை தவறிய மறுநாளே கைப்பேசியில் கூப்பிடத் தெரிந்த கடன் கொடுத்தவர்களுக்கு, வழக்குப் போடும்போது மட்டும் அந்த எண் மறந்துபோவது ஏன்? முகவரியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தோம், எந்த எண்ணில் தகவல் சொன்னோம் என்று பிராதோடு பிரமாணப் பத்திரம் தரட்டும். அதைக் கேட்காமல் எழுதப்படும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, பழைய முகவரிக்கு எதிரான தீர்ப்புதான்.