மகள் பிரசவத்துக்கு விமானம் ஏறுமுன்...

எங்கள் மேலப்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்ட தெருக்களில் இப்போது துபாய், சார்ஜா, தம்மாம் என்ற பேச்சுத்தான் அதிகம். முன்பெல்லாம் ஆண்கள்தான் போனார்கள். இப்போது மகளுக்குப் பிரசவம், மருமகள் வேலைக்குப் போகிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அம்மாமார்களும் கிளம்பிவிடுகிறார்கள். மூன்று மாதம் என்று சொல்லிப் போகிறவர்கள் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தங்கிவிடுவதும் உண்டு.

ஊறுகாய், காயப்பொடி, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக் கட்டுகிற நாம், பீரோவில் கிடக்கிற டிரைவிங் லைசென்ஸை எடுத்துத் தேதி பார்க்கிறோமா? எதிர் வீட்டு மாமி பார்க்கவில்லை.

மாமிக்கு அறுபது வயது. ஸ்கூட்டர்தான் அவருக்குக் கை, கால் எல்லாம். பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிற தங்கைக்குச் சாப்பாடு கொண்டு போவது, பேங்க், ஆஸ்பத்திரி என்று யார் தயவும் இல்லாமல் போய் வருவார். செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தைக் கூட்டத்துக்குள்ளும் பதறாமல் வண்டியைக் கொண்டு போகிறவர். சார்ஜாவில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, லைசென்ஸ் முடிந்து ஒரு வருஷமும் நாற்பது நாளும் ஆகியிருந்தது.

“நான் ஓட்டுத வண்டிதானே! காயிதத்துல தேதி முடிஞ்சா கை மறந்துருமா?” என்று கேட்டார். கை மறக்காது, வாஸ்தவம். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லையே, மாமி!

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். கார், ஸ்கூட்டர் போன்ற சொந்த வண்டிகளுக்கான லைசென்ஸை, 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30-லிருந்து 50-க்குள் என்றால் 10 வருஷம். 50-லிருந்து 55-க்குள் என்றால் 60 வயது வரை. 55-க்கு மேல் ஐந்தைந்து வருஷம்தான். முன்பு, தேதி முடிந்த பிறகும் 30 நாள் ஓட்டலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அந்தத் திருத்தத்தோடு அதுவும் போய்விட்டது. முடிந்த மறுநாளே வண்டியைத் தொடக்கூடாது என்று அப்போது ஆனது. மீறினால் அபராதம் 5,000 ரூபாய். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம், யார் மேலாவது வண்டி இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் விஷயத்தில் படுகிற பாடு தனி.

நல்ல செய்தியும் அதே திருத்தத்தில் இருக்கிறது. முடிகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்க மனுப் போடலாம். ஆகவே நீண்ட பயணம் போகிறவர்கள் போவதற்கு முன்பே வேலையை முடித்துவிடலாம். முடிந்த பிறகும் ஒரு வருஷத்துக்குள் என்றால் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு வருஷமும் தாண்டினால் மறுபடி பரீட்சைதான். மாமி தாண்டியது நாற்பதே நாள்!

நாற்பது வயது தாண்டியவர்கள் டாக்டர் சர்டிபிகேட்டும் வைக்க வேண்டும். ‘படிவம் 1ஏ’ என்பார்கள். சில பேர் இதை வெறும் கையெழுத்துச் சடங்காக நினைத்து, டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கி வரப் பார்க்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. 25 மீட்டர் தூரத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா என்பதெல்லாம் நம் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்விகள் அல்லவா?

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தெருவில் நிற்கும் வண்டியிலிருந்து நீட்டி வைத்த அடியாக ஒரு முப்பத்தைந்து அடி நடந்து, திரும்பி நின்று படியுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே படிக்கலாம். ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடியும் பாருங்கள். மாமிக்கு வலது கண்ணில் எழுத்து பனிமூட்டத்துக்குள் இருப்பது போலத் தெரிந்தது. ராத்திரி எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதையும் அப்போதுதான் சொன்னார். கண் டாக்டர் பார்த்துவிட்டுப் புரை என்றார். பரீட்சையைத் தள்ளி வைத்து ஆபரேஷன் முடித்தோம். டாக்டர் ‘இனி ஓட்டலாம்’ என்று சொல்லும் வரை சாவி என்னிடம்தான் இருந்தது.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டோ சர்க்கரை மாத்திரை விழுங்கியோ வெறும் வயிற்றோடு வண்டி எடுக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், கண் இருட்டும். சளிக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும், அன்றைக்கும் வண்டி வேண்டாம். கழுத்தைத் திருப்பி பின்னால் பார்க்க முடியாதபடி பிடிப்பு இருந்தால், கண்ணாடியை மட்டும் நம்பி ஓட்டுவது சரியில்லை.

வயதைக் கணக்கில் எடுப்பது நம் நாட்டில் மட்டுமல்ல. பிரிட்டனில் 70 வயதிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ஜப்பானில் 75 வயதைத் தாண்டினால் ஞாபகசக்தியையும் சோதிக்கிறார்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவை உதவிக்குக் கூப்பிடுகிறவர்கள் நீங்கள்தான். டிக்கெட் போடும்போதே லைசென்ஸ் தேதியையும் கேளுங்கள். பரீட்சை தேவைப்படாத புதுப்பித்தலை, ஆதாரைக் கொண்டு இணையத்திலேயே செய்யும் வசதியை மத்திய அரசு 2021-ல் அறிவித்தது. ஆனால் ஓ.டி.பி. வருவது ஆதாரில் பதிந்த இந்திய நம்பருக்குத்தான். அம்மா அங்கே போனதும் ‘இந்த நம்பர் எதற்கு’ என்று ரீசார்ஜை நிறுத்திவிடாதீர்கள்.

அங்கே ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: சர்வதேச பெர்மிட் ஒரு வருஷம் வரைதான் செல்லும், நம் லைசென்ஸ் உயிரோடு இருந்தால்தான் அதற்கும் உயிர். வெளிநாட்டில் இருக்கும்போது அது முடிந்துபோனால், நம் தூதரகம் வழியாக மனுச் செய்ய 2021 ஜனவரியில் வழி செய்தார்கள். அமீரகத்தில் குடியிருப்பு விசா வாங்கியவர்கள் அந்த நாட்டு லைசென்ஸையே எடுக்க வேண்டும்.

மாமி விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் ‘எட்டு’ போட்டுப் பழகினார். முதல் தடவை பரீட்சையில் கால் ஊன்றிவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போய் ஜெயித்தார். இருட்டியபின் வண்டி எடுப்பதில்லை என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். தங்கைக்கு ராத்திரிச் சாப்பாடு இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கே போய்விடுகிறது.