குட்டி வாங்குமுன் குலத்தை விசாரியுங்கள்

நாய் நன்றியுள்ள பிராணி. வீட்டைக் காக்கிறது. குழந்தைகளுக்குத் தோழனாக இருக்கிறது. சென்னையில் மட்டும் அல்ல, மதுராந்தகம் போன்ற ஊர்களிலும் பணம் கொடுத்து ஜாதி நாய் வாங்கி வளர்ப்பவர்கள் உண்டு. வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். காதையும் வாலையும் பார்க்கிறார்கள். "தாய்க்கும் தகப்பனுக்கும் பரம்பரை நோய் உண்டா?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

பெண் எடுக்கும்போது குலம் கோத்திரம் விசாரிக்கிற நாடு இது. குட்டி வாங்கும்போது மட்டும் விசாரிக்கக் கூடாதா?

கண்ணைப் பறிக்கும் நோய்

லாப்ரடார் நாய்களுக்கு ஒரு கண் நோய் வருவது உண்டு. குட்டியில் ஒன்றும் தெரியாது. சில வருஷங்கள் கழித்து நாய் இருட்டில் தடுமாறும். பிறகு பகலிலும் பார்வை போய்விடும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இந்த நோய்க்குக் காரணமான மரபணுப் பழுதை விஞ்ஞானிகள் 2006-ல் கண்டுபிடித்தார்கள்.

ஒவ்வொரு நாய்க்கும் இந்த மரபணு இரண்டு உண்டு. ஒன்று தாய் கொடுத்தது. மற்றொன்று தகப்பன் கொடுத்தது. இரண்டும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுது என்றால் அந்த நாய்க்குக் கெடுதல் இல்லை. ஆனால் அது தன் குட்டிகளுக்குப் பழுதைக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு நாய்களை இணை சேர்த்தால், சராசரியாக நாலு குட்டிகளில் ஒன்று கண்ணை இழக்கும். அதே நாயைப் பழுது இல்லாத நாயோடு சேர்த்தால், ஒரு குட்டிக்கும் இந்த நோய் வராது.

சோதனை எளிது

இதை அறியச் சோதனை இருக்கிறது. நாயின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். அல்லது கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். எந்த இனத்துக்கு எந்தச் சோதனை தேவை என்பதைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் இந்தச் சோதனை சொல்லிவிடாது. இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு எக்ஸ்ரே வேண்டும். 2005-ல் தபால் தலையில் இடம் பெற்ற நமது ராஜபாளையம் நாயில், வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது உண்டு. அதற்குக் காதைத்தான் சோதிக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசிதான் காவல். ஆகவே கையில் உள்ள பணத்தில் முதல் செலவு தடுப்பூசிக்கே.

யார் பொறுப்பு?

நாயை இனப்பெருக்கம் செய்து விற்பவர்களே முதல் பொறுப்பாளிகள். 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இவற்றோடு தாய், தகப்பன் இரண்டின் சோதனைச் சீட்டையும் காட்டுவது நேர்மையான வியாபாரம். கேட்கிறவர்கள் பெருகினால் காட்டுகிறவர்களும் பெருகுவார்கள்.

சோதனையில் பழுது தெரிந்தால் நாயைத் தெருவில் விடக் கூடாது. வளர்த்த நாயைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பார்வை போன நாயும் வீட்டின் மூலை முடுக்கை மோப்பத்தால் அறிந்து நடமாடும். மேஜை நாற்காலியை இடம் மாற்றாமல் இருந்தால் போதும்.

நாய் நம்மிடம் கேட்பது ஒரு பிடி சோறும் அன்பும்தான். கண்ணும் காதும் நன்றாக உள்ள குட்டியாக அது பிறக்கும்படி பார்த்துக்கொள்வது மனிதன் கடமை.