மண்ணறிந்து தேடட்டும்

கண்ணிவெடி அகற்றும் வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கின்றது என்ற கேள்வி இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களிடையே ஓயாமல் எழுகின்றது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அதன்படி, அறியப்பட்ட மிதிவெடிப் பிரதேசங்கள் யாவும் 2028 யூன் 1ஆம் திகதிக்குள் துப்புரவாக்கப்பட வேண்டும். அந்த நாள் நெருங்க நெருங்க, "கெதியாய் முடியுங்கோ" என்ற நெருக்குதலும் கூடும். காணிக்காகக் காத்திருப்பவர்கள் அப்படிக் கேட்பது நியாயமே.

ஆனால் "எப்போது முடியும்?" என்று கேட்பதற்கு முன், "எங்கள் மண்ணுக்கு எந்தக் கருவியால் தேடுகிறீர்கள்?" என்று கேட்க நாம் பழக வேண்டும் என்பதே எமது கருத்து. நாளை அந்த மண்ணில் மண்வெட்டியை இறக்கப் போகிறவர்கள் நாமும் எமது பிள்ளைகளுமே.

உலோகம் காட்டும் கருவியின் கைத்தடிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். அதற்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கின்றது. சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் நிலத்துக்குள் காந்தப் புலமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும். அதைச் சுருள் உணர, கருவி சத்தமிடும். இதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் எந்தச் சுருள், எவ்வளவு பெரிய சுருள், எந்த மண் என்ற மூன்றும் பொருந்தாவிட்டால் கருவி கையில் இருந்தும் பயனில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல், எல் அலமெய்ன் பாலைவனத்தில் இக்கருவிகள் பெருமளவில் பயன்பட்டன. அங்கே தேடப்பட்டவை பெரும்பாலும் இரும்புடல் கொண்ட கண்ணிவெடிகள். எமது வடபகுதி நிலங்களில் புதைக்கப்பட்டவற்றில் பி-4 போன்ற பிளாஸ்ரிக் மிதிவெடிகளும் ஜொனி எனப்படும் மரப்பெட்டி மிதிவெடிகளும் உண்டு. பிளாஸ்ரிக் மிதிவெடியில் உலோகம் என்று சொல்லக்கூடியது ஒரு சிறு ஊசியும் சுருள்வில்லும் போன்ற துண்டுகளே. அந்தச் சிறு துண்டைத்தான் எமது மண்ணுக்குள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கின்றது.

பெரிய தட்டு நல்லதா?

பெரிய தட்டானால் ஆழமாகப் பார்க்கும், வேலையும் சீக்கிரம் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். இது பாதி உண்மை மட்டுமே. ஆழத்தில் கிடக்கும் பெரிய இரும்பைத் தேடப் பெரிய சுருள் உதவும். ஆழப் புதைந்த விமானக் குண்டுகளைத் தேட ஒரு மீற்றர் அகலச் சட்டச் சுருள்களையும் பயன்படுத்துவார்கள். ஆனால் அப்படிப்பட்ட சுருளுக்கு ஒரு சிறு ஊசி தெரியாமல் போகலாம். அதோடு, தட்டு பெரிதாகும்போது அது ஒரே தடவையில் "பார்க்கும்" மண்ணின் அளவும் கூடுகின்றது. மண்ணே சத்தம் போடும் இடத்தில் அந்தச் சத்தமும் கூடும். சிறிய தட்டு குறைந்த மண்ணையே பார்க்கும். அருகருகே கிடக்கும் இரண்டு துண்டுகளை வேறுபிரித்தும் காட்டும். ஆனால் ஆழம் குறையும், ஒரு காணியை முடிக்க நாளும் கூடும்.

சுருளின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமாகச் சுற்றிய சுருள் தட்டின் நடுவில் ஆழமாகவும் ஓரங்களில் ஆழம் குறைந்தும் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் மேல் நன்றாகப் படிய வேண்டும். இல்லாவிட்டால் இடையில் பார்க்கப்படாத மண் தங்கிவிடும். "இரட்டை டி" எனப்படும் சுருளில் இரண்டு அரைவட்டங்கள் நடுவில் சற்று ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். அது நடுக்கோட்டின் நீளத்துக்கு ஓர் ஒடுங்கிய பட்டையாகப் பார்ப்பதால் மண்ணின் இரைச்சல் அதற்குள் குறைவாகவே வரும். எனவே கனிமம் மிகுந்த நிலத்துக்கு அது பொருத்தமானது.

எங்கள் நிலங்கள் ஒன்றல்ல

வலிகாமத்துச் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பேர்போனது. அதன் நிறத்துக்குக் காரணம் இரும்பு ஒட்சைட்டுகள். அவற்றில் சில வகை நுண்துகள்கள் காந்தத் தன்மை கொண்டவை; அவையே கருவியைக் குழப்புகின்றன. ஆனால் சிவப்பாக இருக்கும் மண் எல்லாம் சத்தம் போடும் என்று எண்ணிவிடக் கூடாது. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. கருவியை அந்த மண்ணிலேயே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சத்தம் போடும் மண்ணில் சிறிய சுருளோ இரட்டை டி சுருளோ பூட்டி, மண்ணுக்கேற்பக் கருவியைச் சமப்படுத்தியே வேலை செய்ய வேண்டும். அப்போதும் ஆழம் குறையலாம்.

நாகர்கோவில், தாளையடிப் பக்கத்து மணல் கருவிக்கு இலகுவானது. காய்ந்த வெண்மணல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். சற்றுப் பெரிய சுருளும் அங்கே பொருந்தும். அங்குள்ள தொல்லை வேறு. காற்றில் மணல் நகர்ந்து, மேலே இருந்ததை ஆழத்தில் மூடும். ஆழத்தில் கிடந்ததை வெளியே காட்டும்.

கிளாலி, ஆனையிறவுக் கடனீரேரி ஓரத்து உவர் நிலம் மழைக்கு ஒரு மாதிரி, கோடைக்கு ஒரு மாதிரி. ஈரமான உப்பு மண் மின்னைக் கடத்துவதால் நிலமே உலோகம்போல் ஒலிக்கும். அந்த ஒலியை அடக்கக் கருவியைத் திருத்தினால் சிறு உலோகத்தின் ஒலியும் கூடவே அடங்கிவிடக்கூடும். ஆகவே ஆடி மாதம் செய்த சோதனை மார்கழிக்குச் செல்லாது.

மன்னார் முருங்கன் பக்கத்துக் கருங்களி வயல் கோடையில் வெடித்துப் பிளக்கும். மேற்பரப்பு கட்டியும் பள்ளமுமாக இருப்பதால் தட்டை நிலத்தோடு ஒட்டிப் பிடிக்க முடியாது. தட்டு ஓரிரு விரற்கடை உயர்ந்தாலே அந்தளவு ஆழம் வீணாகின்றது. சுருளுக்கும் பொருளுக்கும் இடையே தூரம் கூடும்போது அறிகுறி வெகு வேகமாகக் குறையும். சுருளின் அளவைவிட அதிக தூரத்தில், தூரம் இருமடங்கானால் அறிகுறி ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும்.

வீட்டுக் காணி இன்னொரு வகை. சுட்ட ஓடு, செங்கல், அடுப்படி மண் ஆகியவை சூட்டினால் காந்தத் தன்மை ஏறியவை. அவற்றோடு ஆணி, முட்கம்பி, எறிகணைச் சிதறல்களும் சேர்ந்தால் கருவி ஓயாது கத்தும். முன்னரங்குகள் இருந்த முகமாலை போன்ற இடங்களிலும் இதே நிலைதான். இப்படிப்பட்ட இடத்தில் எந்தச் சுருளும் தனியாகப் போதாது. இதனால்தான் வன்னியில் மண்ணைச் சிறிது சிறிதாக வாரியால் கிளறி எடுக்கும் முறையும் கையாளப்பட்டது. பார்ப்பவருக்கு அது மந்தமான வேலைபோல் தெரியும். ஆனால் அந்த மண்ணுக்கு அதுவே தகுந்த வேலை. நிலத்துக்குள் ராடர் அலை அனுப்பும் புதிய கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் ஈரக் களியிலும் உவரிலும் ராடர் அலை ஆழப் போகாது. எல்லா மண்ணுக்கும் ஒரே மருந்து இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

இந்த வேலையில் எமது விவசாயிகளுக்கும் இடமிருக்க வேண்டும். எந்த மூலையில் செங்கல் சூளை இருந்தது, எங்கே உவர் ஏறும், எங்கே கிணற்று மண்ணைக் கொட்டினோம், எந்த வரம்பு வெள்ளத்தில் பெயர்ந்தது என்பது காணிக்காரருக்கே தெரியும். இவற்றைக் கேட்டெழுதிய பின்னரே எந்தச் சுருள் என்று முடிவெடுக்க வேண்டும். இதனால் நாள் செல்லும் என்று சிலர் சொல்லலாம். ஒரு பின்னேரம் செல்லும், அவ்வளவுதான். பொருந்தாத தட்டால் தேடிவிட்டு மறுபடி தேடினால் எத்தனை நாள் செல்லும்?

இரண்டாவதாக, ஒவ்வொரு கிராமத்திலும், அந்தக் கிராமத்து மண்ணிலேயே, தேட வேண்டிய ஆழத்தில் வெடியற்ற மாதிரித் துண்டைப் புதைத்துக் கருவியைச் சோதிப்பதை ஊர்ப் பெரியவர்களும் பாதுகாப்பாக நின்று பார்க்க ஒழுங்கு செய்ய வேண்டும். காற்றில் நாணயத்தைக் காட்டிச் செய்யும் சோதனை மண்ணுக்குப் பதில் சொல்லாது.

மூன்றாவதாக, காணி கையளிக்கப்படும்போது எந்த எல்லைக்குள், எத்தனை சென்ரிமீற்றர் ஆழம் வரை துப்புரவாக்கப்பட்டது என்பதைத் தமிழில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வதேச நியமங்களும் பரப்பையும் ஆழத்தையும் குறித்தே காணியைக் கையளிக்கச் சொல்கின்றன. வெங்காயப் பாத்திக்குப் போதுமான ஆழம் உழவு இயந்திரக் கலப்பைக்குப் போதாமல் இருக்கலாம். கிணறு வெட்டவோ, அத்திவாரம் போடவோ, வேலிக்குக் கதியால் நடவோ எண்ணினால் அதை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கடையில் வாங்கிய மலிவான கருவியோடு பழைய இரும்பு தேடவும் புதையல் தேடவும் சில இளைஞர் காணிகளுக்குள் இறங்கத் துணிகிறார்கள். பொழுதுபோக்குக்காக விற்கப்படும் அக்கருவிகள் பலவற்றில், ஆணி போன்ற இரும்பை ஒதுக்கிவிட்டு ஒலிக்காதிருக்கும் ஏற்பாடு உண்டு. நாணயம் தேடுபவருக்கு அது வசதி. மிதிவெடி நிலத்தில் அதுவே எமன். கருவி மௌனமாக இருப்பது நிலம் சுத்தம் என்பதற்கு அத்தாட்சி அல்ல. பெற்றோரே, உங்கள் பிள்ளைகளைத் தடுத்துவிடுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கோ அறிவியுங்கள்.

மெதுவாக நடக்கும் வேலை எல்லாம் நல்ல வேலை என்று நாம் சொல்ல வரவில்லை. வீண் தாமதத்தைத் தட்டிக் கேட்க எமக்கு உரிமை உண்டு. ஆனால் மண் கேட்கும் நிதானத்தை மண்ணுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். விதைக்கு முன் மண்ணைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். அந்த அறிவை இந்த வேலைக்கும் கொடுப்போம்; கேட்க வேண்டியவற்றைக் கூச்சமின்றிக் கேட்போம்.